ஏடில்லாச் சபைகள்

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி கொடைக்கானல் நகராட்சியில் 36,501 பேர் இருந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 38 பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். தமிழ்நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் கிறிஸ்தவர் நூற்றுக்கு ஆறு பேர்தான். ஆனால் கணக்கெடுப்பாளரின் தாளில் ‘கிறிஸ்தவர்’ என்பதற்கு ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. லாசலேத் மாதா கோயிலுக்குப் போகிறவரும், தென்னிந்தியத் திருச்சபைக்குப் போகிறவரும், தகரக் கூரை போட்ட கூடத்தில் கைதட்டிப் பாடுகிறவரும் அந்த ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள். முதல் இரண்டு கூட்டத்தாரின் வரலாற்றை நூலகத்தில் தேடி எடுக்கலாம். மூன்றாமவரின் வரலாறு பெரும்பாலும் வாய்மொழியாகவே இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த மூன்றாமவரான பெந்தெகொஸ்தேக்காரரைப் பற்றியது.

பெந்தெகொஸ்தே சபைகளைப் பற்றித் தமிழ்நாட்டில் பேச்சு எழும்போதெல்லாம் ‘வெளிநாட்டுப் பணம்’, ‘அமெரிக்கச் சரக்கு’ என்ற இரண்டு சொற்கள் உடனே வந்துவிடும். கொடைக்கானலில் நின்று பார்த்தால் இந்தக் கருத்து எவ்வளவு பிசகானது என்பது விளங்கும். அமெரிக்கப் பணத்தில், அமெரிக்க ஏற்பாட்டில் வளர்ந்த கிறிஸ்தவம் இந்த மலையில் கண்முன்னே இருக்கிறது. அது பெந்தெகொஸ்தே அல்ல.

இந்தியாவின் மலை வாசத்தலங்களில் அமெரிக்கர்கள் தொடங்கியது என்று சொல்லத்தக்கது கொடைக்கானல். யாழ்ப்பாணத்தில் 1816 முதல் ஊழியம் செய்துவந்த அமெரிக்க மிஷனரிகள் 1834இல் கடல் தாண்டி வந்து மதுரை மிஷனைத் தொடங்கினார்கள். காலராவும் காய்ச்சலும் குடும்பங்களைத் தின்றன. ஓய்வுக்குச் சிறுமலையைப் பார்த்தார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. அதற்கும் மேலே ஏறிப் பழனி மலையில் 1845இல் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். வண்டிச்சாலை முழுமையாக வந்து சேர 1914 ஆயிற்று. அதுவரை பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து ஆட்களின் தோள்மேல் நாற்காலியில் அமர்ந்துதான் துரைமார்களும் அம்மாமார்களும் மேலே போனார்கள். சுமந்தவர்களின் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை. 1890இல் கொடைக்கானல் மிஷனரி சங்கம் ஏற்பட்டது. 1901இல் மிஷனரிப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் வந்தது. அதுதான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. வெயில் காலத்தில் தென்னிந்தியாவின் பல மிஷன்களைச் சேர்ந்தவர்கள் இங்கே கூடி, வேதபாடம் கேட்டு, திருச்சபைகள் ஒன்றாவது பற்றிப் பேசி, ஜூன் மாத வாக்கில் இறங்கிப் போனார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் காகிதம் இருக்கிறது. மதுரை மிஷனை அனுப்பிய பாஸ்டன் வாரியத்தின் கடிதங்கள் இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் பத்திரமாக உள்ளன. எந்தக் கிராமத்து உபதேசியாருக்கு என்ன சம்பளம், எந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள் என்று தேடி எடுத்துவிடலாம்.

பெந்தெகொஸ்தேயின் வேரைத் தேட வேறிடம் போகவேண்டும். மலையின் அடிவாரத்தை ஒட்டியே தெற்கே போனால் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கிறிஸ்தியான்பேட்டை என்று ஓர் ஊர். 1840களின் தொடக்கத்தில் அதை உண்டாக்கியவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். 1810இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயரைச் சந்தித்தபோது அவர் வாழ்க்கை திசை மாறியது. மிஷன் சம்பளம் வாங்காமல் கடவுளை நம்பி ஊழியம் செய்வது, பட்டம் பெற்ற குருவானவர் இல்லாமலே விசுவாசிகள் கூடி அப்பம் பிட்பது என்பவை குரோவ்ஸின் கொள்கைகள். அருளப்பன் அவற்றைத் தம் வழியாக்கிக்கொண்டார்; கடைசிவரை எந்த மிஷனின் ஊழியராகவும் இருக்கவில்லை.

1860இல் அவருடைய சபைகளில் ஓர் எழுப்புதல் மூண்டது. ஜனங்கள் நடுங்கி விழுந்தார்கள், பாவ அறிக்கை செய்து அழுதார்கள், தரிசனம் கண்டார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள், தெரியாத பாஷைகளில் பேசினார்கள். பெண்கள் எழுந்து பிரசங்கித்தார்கள். திருநெல்வேலியின் ஆங்கிலிகன் சபைகளுக்கும் இது பரவியபோது மிஷனரிகளில் சிலர் மகிழ்ந்தார்கள். சிலர் முகம் சுளித்தார்கள். பெந்தெகொஸ்தே இயக்கத்தின் பிறப்பிடமாக உலகம் சொல்கிற லாஸ் ஏஞ்சலிஸ் அசூசா தெருக் கூட்டங்கள் நடந்தது 1906இல். கிறிஸ்தியான்பேட்டை அதற்கு 46 ஆண்டு மூத்தது.

இது நமக்குத் தெரிந்திருப்பதற்குக் காரணம், அருளப்பன் நாட்குறிப்பு எழுதினார் என்பது. 1867இல் அவர் இறந்து எழுபது ஆண்டு கழிந்த பிறகு, 1939இல், ஜி.எச். லாங் என்பவர் அந்தக் குறிப்புகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் நூலாக்கினார். அந்தத் தாள்கள் கரையானுக்குப் போயிருந்தால், ‘தமிழருக்கு அந்நிய பாஷை அமெரிக்காவிலிருந்து வந்தது’ என்று நானும்கூட எழுதியிருப்பேன்.

பூனாவுக்கு அருகே கேட்கான் ஊரில் பண்டித ரமாபாய் நடத்திய முக்தி இல்லத்திலும் 1905இல், அசூசாவுக்கு முந்திய ஆண்டிலேயே, இதே போன்ற எழுப்புதல் நடந்தது. ரமாபாயுடன் பணியாற்றிய மின்னி ஏப்ராம்ஸ் அதைப் பற்றி எழுதிய சிறு நூல் தென்னமெரிக்காவில் சிலி நாட்டில் இருந்த தம் தோழி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. சிலியின் பெந்தெகொஸ்தே சபைகள் தங்கள் தொடக்கக் கதையை அந்த நூலிலிருந்துதான் சொல்கின்றன. நம் நாடு வாங்கிக்கொண்டது மட்டுமல்ல, கொடுத்ததும் உண்டு.

மலை வாசத்தலங்களுக்கும் இதில் ஒரு சிறு பங்கு இருக்கிறது. நார்வேயின் பெந்தெகொஸ்தே போதகர் டி.பி. பாரட் 1908 கோடையில் வந்து தங்கிப் பேசியது நீலகிரியின் குன்னூரில். வெயிலுக்கு மேலேறியிருந்த மிஷனரிகள் புதிய செய்தியை அங்கே கேட்டார்கள், தர்க்கம் செய்தார்கள், சிலர் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் மலைமேல் கேட்ட செய்தி தானாகச் சபையாகிவிடவில்லை. சபை உண்டாவதற்கு வேறு வகை ஆட்கள் வேண்டியிருந்தது. நான் பார்த்தவரை, ஆய்வாளர்கள்கூட இந்த இடத்தைச் சற்று வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

அந்த வேறு வகை ஆட்களில் முதன்மையானவர் ராமன்குட்டி. கேரளத்தின் திருச்சூர்ப் பக்கத்தில் 1881இல் ஓர் இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே பிழைப்புக்காகக் கொழும்புக்குப் போனார். அங்கே இயேசுவின் தரிசனம் கண்டு மனம் மாறி, பவுல் என்ற பெயர் பெற்றார். பின்னாளில் கொழும்பில் பெந்தெகொஸ்தே செய்தி ஒலிக்கத் தொடங்கியது. டென்மார்க்கில் நாடக நடிகையாக இருந்து ஊழியத்துக்கு வந்த அன்னா லெவினியும், ஆங்கிலேயரான வால்டர் கிளிஃபர்டும் கூட்டங்கள் நடத்திவந்தார்கள். அந்த வழியில் போகாமல் பாஸ்டர் பவுலும், இலங்கையரான ஆல்வின் டி ஆல்விஸும் சேர்ந்து 1920களின் நடுவில் தனியாக ஒரு சபையைத் தொடங்கினார்கள். அதுதான் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன்.

அதன் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஊழியர்கள் திருமணம் செய்வதில்லை. சம்பளம் கிடையாது. சொந்தச் சொத்து வைத்துக்கொள்வதில்லை. உள்ளதைக் கொடுத்துவிட்டுத்தான் ஊழியத்துக்கு வருவார்கள். ‘விசுவாச வீடு’ என்ற இல்லத்தில் ஒன்றாக வாழ்ந்து, ஒரே பானையில் உண்டு, வெள்ளை உடுத்துகிறார்கள். நோய்க்கு மருந்து எடுப்பதில்லை. ஆண்களைப் போலவே பெண்களும் முழுநேர ஊழியர்களாகிறார்கள். விசுவாசிகள் நகை அணிவதில்லை. தமிழ் வாசகருக்கு இது புதிய காட்சியாக இருக்காது. மடத்தையும் துறவையும், பிச்சை ஏற்று வாழும் அடியாரையும் நூற்றாண்டுகளாக அறிந்த மண் இது. புராட்டஸ்டண்ட் மிஷனரி மனைவி மக்களோடு பங்களாவில் வாழ்ந்து, கோடையில் மலையேறினார். பாஸ்டர் பவுலின் ஊழியர்களுக்குப் பங்களாவும் கோடை விடுமுறையும் இருக்கவில்லை. கடவுளுக்காக ஒருவன் எதை விட்டான் என்று பார்த்துத்தான் நம் ஜனங்கள் அவனை மதிப்பார்கள். அந்த அளவுகோலில் இவர்கள் நின்றார்கள்.

மருந்தை மறுப்பதை நான் நியாயப்படுத்தவில்லை. காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர்கள் அந்தக் கொள்கையால் போகும். குழந்தை விஷயத்தில் அதை எந்த நம்பிக்கையின் பெயராலும் ஏற்க முடியாது. ஆனாலும் அந்தக் கொள்கை எந்தக் காலத்தில் வேர்விட்டது என்பதையும் நினைக்கவேண்டும். ஆஸ்பத்திரி நாலு நாள் நடையில் இருந்த கிராமத்தில், மருந்துக்குக் காசில்லாத வீட்டில், ‘ஜெபித்தால் போதும்’ என்ற வார்த்தை கையில் கிடைத்த ஒரே மருந்தாக இருந்தது.

1930இல் ஒரு சம்பவம். கேரளத்தில் ராபர்ட் குக் என்ற அமெரிக்க மிஷனரியுடன் ஊழியம் செய்துவந்த கே.இ. ஆபிரகாம், சபைச் சொத்தும் வெளிநாட்டுப் பணமும் மிஷனரிகளின் கையில் இருப்பதை எதிர்த்து வெளியே வந்தார். அவருக்கு அபிஷேகம் செய்து பாஸ்டராக ஏற்படுத்தியவர் பாஸ்டர் பவுல். பிழைப்புக்குக் கொழும்பு போன ஒரு மலையாளி, வெள்ளைக்காரரை விட்டு விலகிய இன்னொரு மலையாளிக்கு ஊழிய அதிகாரம் கொடுக்கிறார். இந்தியப் பெந்தெகொஸ்தே சபை என்ற பெரிய அமைப்பு அந்தப் பிரிவிலிருந்துதான் வளர்ந்து 1935இல் பதிவு பெற்றது. ஆபிரகாம் வெளியே வந்த 1930, காந்தி உப்பெடுக்க தண்டிக்கு நடந்த அதே ஆண்டு. ‘வெளிநாட்டுச் சரக்கு’ என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு நிகழ்வுக்காவது பதில் சொல்லவேண்டும்.

பவுல் 1945இல் மறைந்தார். சிலோன் மிஷன் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பரவி, தலைமை இடம் சென்னைக்கு வந்து, 1984 முதல் ‘பெந்தெகொஸ்தே மிஷன்’ என்ற பெயர் கொண்டது. தாம்பரம் அருகே இரும்புலியூரில் ஆண்டுதோறும் நடக்கும் கன்வென்ஷனுக்கு ஜனங்கள் ரயிலேறி வருகிறார்கள். இலங்கையில் பழைய பெயரே நிலைத்திருக்கிறது. அமெரிக்காவில் ‘நியூ டெஸ்டமென்ட் சர்ச்’, இங்கிலாந்தில் ‘யுனிவர்சல் பெந்தெகொஸ்தல் சர்ச்’ என்று வேறு பெயர்களில் இயங்குகிறது. மிஷனரிகள் எந்தத் திசையிலிருந்து வந்தார்களோ அந்தத் திசைக்கே இங்கிருந்து ஊழியர்கள் போகிறார்கள்.

ஆகவே இங்கே சொன்ன அமெரிக்க மிஷன் கிறிஸ்தவமும் சிலோன் மிஷன் கிறிஸ்தவமும் ஒரே தீவிலிருந்து பாக் நீரிணையைக் கடந்து வந்தவை. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது வாரியமும் வரவு செலவுமாக வந்தது. 1920களில் கொழும்பிலிருந்து வந்தது வெறுங்கையோடு வந்தது.

மூன்றாவதாக ஒரு வருகையும் உண்டு. 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று அவர்களைக் கேட்காமலே முடிவாயிற்று. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, பலர் மலையைத் தேடிப் போனார்கள். குளிரும் தோட்டமும்தான் அவர்களுக்குத் தெரிந்த உலகம். நீலகிரிக்குப் போனவர்கள் அதிகம். கொடைக்கானல் மலைக்கு வந்தவர்கள் வாட்டில், தைலமரக் காடுகளில் மரம் வெட்டவும் பட்டை உரிக்கவும் அமர்ந்தார்கள். முன்பணம் வாங்கி மீள முடியாமல் கொத்தடிமைகளாய்ப் போனவர்களும் உண்டு. 1980களில் அது வெளியே தெரிந்தது. இலங்கை மலையகத்தில் பெந்தெகொஸ்தே சபைகள் தோட்ட லயங்களுக்குள் வேரூன்றி வளர்ந்ததை அங்குள்ள ஆய்வுகள் பதிவு செய்கின்றன. ஊரும் குடியுரிமையும் பறிபோன மனிதனுக்கு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தலையில் கை வைத்து ஜெபிக்கிற ஒரு கூட்டம் என்ன பொருள் தரும் என்பதை விளக்கச் சமூகவியல் தேவையில்லை.

சிலோன் மிஷனுக்கு வெளியே உள்ள ஒரு பெந்தெகொஸ்தே சபை நடைமுறையில் எப்படி உண்டாகிறது? தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒரே வழிதான். ஒரு பாஸ்டர் மனைவி மக்களோடு வந்து வாடகை வீடு பிடிப்பார். முதலில் ஒரு நோயாளிக்காக ஜெபம். அந்த வீட்டுப் பெண்தான் முதல் விசுவாசி. அவள் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டிவருவாள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், மாதத்தில் ஓர் இரவு முழு இரவு ஜெபம். குடித்து அடித்துக்கொண்டிருந்த கணவன் ஒருநாள் வாசலில் வந்து நிற்பான். குடியை விட்டானென்றால் அந்தத் தெருவே பேசும். பிறகு ஆற்றிலோ தொட்டியிலோ முழுக்கு ஞானஸ்நானம். தசமபாகத்தில் ஒரு மனை, மனையில் ஒரு கொட்டகை, கொட்டகைக்கு மின்சாரம், ஒரு கீபோர்டு. வழிபாட்டுக்கென்று கட்டடம் எழுப்ப மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி இருப்பதால் பல சபைகள் ஆண்டுக்கணக்கில் வீட்டுக்கூட்டமாகவே நின்றுவிடுகின்றன.

மதுரை மிஷன் வழிவந்த சபையில் ஆயருக்குப் பட்டம் வேண்டும், சம்பளம் வேண்டும், சில ஆண்டுக்கொருமுறை மாற்றல் வரும். பெந்தெகொஸ்தே பாஸ்டர் தாம் தொடங்கிய சபையோடு வாழ்ந்து முடிகிறவர். விரைவான வளர்ச்சிக்கும், பிற்பாடு வரும் சீர்கேட்டுக்கும் இதுவே காரணம். சபை ஓர் ஆளின் உழைப்பில் எழுவதால் அவர் குடும்பத்தின் சொத்தாகவும் ஆகிவிடுகிறது. அப்பாவுக்குப் பின் மகன். கணக்குக் கேட்டவர் வெளியேறிப் பக்கத்துத் தெருவில் இன்னொரு பலகை மாட்டுகிறார். சாதி கரையும் என்று எதிர்பார்த்த இடத்தில் கலியாணச் சம்பந்தம் வரும்போது பழைய வேலி அப்படியே எழுகிறது. இவற்றைச் சபைக்குள் இருக்கிறவர்களே வருத்தத்தோடு சொல்கிறார்கள். வெளியே இருந்து சொல்வதைவிட அதற்கு எடை அதிகம்.

எல்லாம் சிறு சபைகளாகவே நின்றுவிடவில்லை. சென்னையில் 1973இல் டி. மோகன் சில பேரோடு தொடங்கிய புதுவாழ்வு அசெம்பிளி ஆஃப் காட் சபை, சைதாப்பேட்டைச் சின்னமலைப் பக்கத்தில் பல ஆயிரம் பேர் கூடும் சபையானது. வீடு வீடாகச் சிறு ஜெபக்குழுக்களை அமைத்து அவற்றைச் சாதாரண விசுவாசிகளிடம் ஒப்படைத்ததுதான் அதன் வழிமுறை. பாட்டின் பங்கையும் சொல்லாமல் விடக்கூடாது. சென்னையின் சாராள் நவரோஜி அம்மையார் தாமே எழுதி, மெட்டமைத்து, பாடி, சபையும் நடத்தியவர், 2014இல் மறைந்தார். கீர்த்தனைகளையும் பாமாலைகளையும் மட்டுமே பாடிவந்த பழைய சபைகளின் வீடுகளுக்குள் அவருடைய குரல் கேசட்டாகப் புகுந்தது. காலையில் திருச்சபை ஆராதனை, மாலையில் பெந்தெகொஸ்தே கூட்டம் என்று இரண்டு இடத்திலும் கால் வைத்திருக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த வங்கி அலுவலர் டி.ஜி.எஸ். தினகரன் பெந்தெகொஸ்தே வகை ஜெபத்தைத் தமிழகமெங்கும் கொண்டுபோனதும் இப்படித்தான். எல்லைக் கோடு முழுக்கு ஞானஸ்நானத்தில்தான் விழுகிறது. அந்த ஞானஸ்நானத்தைப் பெற்றுவிட்டால் பழைய சபையின் பதிவேட்டிலிருந்து பேர் நீக்கப்படும்.

இந்த இயக்கத்தின் கனத்தைப் பழைய சபையின் உள்ளிருந்தே முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர், கொடைக்கானலைத் தம் திருமண்டலத்துக்குள் கொண்டிருந்த பேராயர் லெஸ்லி நியூபிகின். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை – இராமநாதபுரம் பேராயரானவர். 1952இல் கிளாஸ்கோவில் ஆற்றிய சொற்பொழிவுகளை மறுஆண்டு ‘ஹவுஸ்ஹோல்ட் ஆஃப் காட்’ என்ற நூலாக வெளியிட்டார். உலகத் திருச்சபை என்று பேசும்போது புராட்டஸ்டண்ட், கத்தோலிக்கம் என்ற இரண்டோடு நிறுத்தக்கூடாது, பெந்தெகொஸ்தேயை மூன்றாம் நீரோட்டமாக எண்ணவேண்டும் என்பது அவர் வாதம். பெந்தெகொஸ்தேக்காரரை ஓரமாக நிறுத்திவைத்திருந்த காலத்தில், இவ்வளவு பெரிய பொறுப்பில் இருந்தவர் இதைச் சொன்னது துணிவுதான்.

கணக்கெடுப்புக்குத் திரும்புகிறேன். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, கிறிஸ்தவராகும் தலித்துக்குப் பட்டியல் சாதிக்குரிய இட ஒதுக்கீட்டு உரிமை இல்லாமல் செய்கிறது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த கதவு கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. ஆகவே ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிற ஒருவர், பிள்ளையின் படிப்புக்காகச் சான்றிதழில் இந்துவாகவே இருக்கவேண்டியிருக்கிறது. கூலிக்காரர், காட்டு வேலைக்காரர் கூடும் சிறு சபைகளைத்தான் இது அதிகம் தாக்குகிறது. ஏட்டிலும் இல்லை, எண்ணிலும் இல்லை. 2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து 2004இல் விலக்கப்பட்டது. அந்த இரண்டு ஆண்டும் அதற்குப் பிறகும், பேர் எழுதிய பதிவேடு வைத்திருப்பதே ஆபத்து என்ற அச்சம் சிறிய சபைகளிடம் ஏற்பட்டிருந்தால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

தென்னிந்தியப் பெந்தெகொஸ்தே இயக்கத்தைப் பற்றி இன்றளவும் விரிவாக எழுதப்பட்ட நூல்களில் முதலில் சொல்லவேண்டியது ஜெர்மானியரான மைக்கேல் பெர்குண்டருடையது. ஊர் ஊராக வந்து பாஸ்டர்களைச் சந்தித்துப் பேட்டி கண்டு எழுதினார். ஒரு ஜெர்மானியர் வந்து கேட்கும்வரை நாம் கேட்கவில்லை என்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பல சபைகளின் முதல் தலைமுறை விசுவாசிகள் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் போனால் அவர்களோடு சாட்சியும் போய்விடும். கொடைக்கானலிலோ, கீழே வத்தலக்குண்டிலோ, பெரியகுளத்திலோ இதைப் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பாட்டி எந்த ஆண்டில், யார் ஜெபித்து, எந்த ஓடையில் ஞானஸ்நானம் எடுத்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். பழைய கன்வென்ஷன் நோட்டீசையும், மண்டபம் முகாம் அட்டையையும், பாட்டு நோட்டையும் பழைய பேப்பர்காரனுக்குப் போடாதீர்கள். பின்பக்கத்தில் ஆண்டும் ஊரும் பென்சிலால் குறித்து, ஒரு படி எடுத்து மதுரை அரசரடி இறையியல் கல்லூரி நூலகத்திடம் கொடுங்கள். அருளப்பனின் நாட்குறிப்பு தப்பியதும் யாரோ ஒருவர் அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தான்.